உப்பு தின்னும் தூண்கள்: கார்பன் துணி காப்பாற்றுமா?

நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில் சிக்கலைத் தாண்டினால் கீழ்வேளூர். கடற்கரையை விட்டுப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டோம். அலைச் சத்தம் இல்லை, மீன் வாடை இல்லை, இரண்டு பக்கமும் வயல். ஆனால் உப்பு இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. காற்றில் கொஞ்சம், நிலத்தடி நீரில் நிறைய. கடைமடை என்பதால் ஆற்றில் தண்ணீர் வரத்து குறையும்போதெல்லாம் கடல் நீர் உள்ளே ஏறுகிறது. போர் போட்டால் பல இடங்களில் சவர்த் தண்ணீர்தான். அந்த உப்பு நெல்லை என்ன செய்யும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கட்டடத்தின் தூணை என்ன செய்யும் என்பதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

கடலோர டெல்டாவில் இருபது, முப்பது வருஷத்துக்கு முன் கட்டிய ஏதாவது ஒரு மாடி வீட்டின் போர்டிகோவில் நின்று பாருங்கள். முன்பக்கம் இரண்டு பில்லர், பெரும்பாலும் ஒன்பதுக்கு ஒன்பது அங்குலம். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ஓதம் ஏறிப் பெயின்ட் உரிந்திருக்கும். அதற்கு மேல், தூணின் மூலையை ஒட்டி, நூல் பிடித்த மாதிரி நெட்டுக்கு ஒரு விரிசல் ஓடும். விரிசலின் ஓரத்தில் செம்பழுப்புக் கறை. அந்த இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டினால் 'டங்' என்று கேட்காது, 'டொப்' என்று கேட்கும். உள்ளே காரை கம்பியை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம்.

விரிசல் ஏன் மூலையில், ஏன் நெட்டுக்கு? அங்கேதான் மூலைக் கம்பி நிற்கிறது. நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எளிதில் துருப்பிடிக்காது. சிமென்டின் காரத்தன்மை கம்பி மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை உடைக்கிறது. பிறகு ஈரமும் காற்றும் சேர்ந்தால் துருதான். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாத இடத்தில் இடம் கேட்டால் கான்கிரீட் வெடிக்கத்தான் செய்யும். வெடித்த வழியாக இன்னும் தண்ணீர், இன்னும் உப்பு, இன்னும் துரு.

உப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. பல வீடுகளில் கட்டும்போதே உள்ளே போட்டுவிட்டோம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456. கடலோர ஊர்களில் மனையிலேயே போட்ட போர் தண்ணீரை எத்தனை பேர் சோதித்துவிட்டுக் கலவை போட்டோம்? தூணில் கம்பிக்கு வெளியே 40 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல், அதைப் பலகையிலேயே சாய்த்து நிறுத்திப் போட்ட தூண்களில் ஒரு பக்கம் 10 மி.மீ.கூடத் தேறாது.

இது வீட்டுக்காரர் கவலை மட்டும் இல்லை. 2017 அக்டோபர் 20 அதிகாலை, அப்போது நாகை மாவட்டத்தில் இருந்த பொறையாரில், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையின் பழைய ஓய்வறைக் கட்டடம் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஊழியர்கள் 8 பேர் இறந்தார்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் போனார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கச் சொன்னார்கள். இரண்டும் தூண் முறிந்து நடந்த விபத்துகள் இல்லை. ஒன்றில் கூரை, மற்றொன்றில் சுவர். ஆனால் வயதான கட்டடத்தை யாரும் தட்டிப் பார்க்காமல் விட்டது இரண்டிலும் பொது.

நாகை கவலைப்பட இன்னொரு காரணமும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, ஓட்டு வீட்டையும் கூரை வீட்டையும் விட்டு ஜனங்கள் ஓடிப்போய் நின்றது பள்ளிக்கூடத்திலும் புயல் பாதுகாப்பு மையத்திலும் கல்யாண மண்டபத்திலும். ஊரே போய் ஒண்டுகிற அந்தக் கட்டடத்தின் தூண் திடமாக இருக்கிறதா என்பது இங்கே உயிர் பிழைக்கிற கேள்வி.

பழுதான தூணுக்கு நம் ஊரில் இரண்டே வழிதான் பழக்கம். ஒன்று, பெயர்ந்த இடத்தில் சிமென்ட் பூசி வெள்ளையடித்துவிடுவது. இல்லையென்றால் கட்டடத்தையே இடித்துவிடுவது. முதலாவது ஏமாற்று. இரண்டாவது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. அரசுக்கும் எல்லா இடத்திலும் தேவைப்படாது. நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: சோதித்து, சீர்செய்து, கார்பன் அல்லது கிளாஸ் ஃபைபர் துணியை எப்பாக்ஸி பிசினில் தோய்த்துத் தூணைச் சுற்றிப் போர்த்துவது. பொறியாளர்கள் 'எஃப்.ஆர்.பி. ராப்பிங்' என்பார்கள். பெருநகரங்களில் பாலங்கள், தொழிற்சாலைகள், அடுக்குமாடிகளில் இன்று இது சாதாரண வேலை. கடலோர டெல்டாவுக்கு இது பொருந்துமா, எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இறுக்கிப் பிடித்தால் ஏன் பலம்?

ஒரு தூண் மேல் பாரம் ஏற்றினால் அது உயரத்தில் துளி குறைகிறது, பக்கவாட்டில் துளி உப்புகிறது. பாரம் எல்லை மீறும்போது கான்கிரீட் உண்மையில் நசுங்கிச் சாவதில்லை. பக்கவாட்டில் பிளந்துதான் சாகிறது. அந்தப் பக்கவாட்டு உப்பலைத் தடுத்துவிட்டால் அதே கான்கிரீட் கூடுதல் பாரம் தாங்கும். நம் ஆட்கள் விதைக்கோட்டை கட்டிய விதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நெல்லுக்கென்று தனியாக நிற்கும் பலம் கிடையாது, கொட்டினால் சரிந்துவிடும். வைக்கோல் பிரியைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினால் கல் மாதிரி ஆகிவிடும். மேலே ஆள் ஏறி நிற்கலாம். கோட்டையை உருண்டையாகக் கட்டினார்களே தவிரச் சதுரமாகக் கட்டவில்லை என்பதையும் கவனத்தில் வையுங்கள். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இதை எண்ணாக்கிக் காட்டியது அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம். 1928-ல் ரிச்சர்ட், பிராண்ட்சேக், பிரவுன் மூவரும் கான்கிரீட் உருளைகளைப் பக்கவாட்டில் எண்ணெய் அழுத்தத்தால் பிடித்துக்கொண்டு மேலிருந்து நசுக்கிப் பார்த்தார்கள். பக்கவாட்டில் கொடுக்கும் அழுத்தத்தைப் போலச் சுமார் நான்கு மடங்கு, மேலே தாங்கும் திறன் கூடுகிறது என்று கண்டார்கள். அவர்கள் சொன்ன 4.1 என்ற எண்ணைச் சுற்றித்தான் இன்றுவரை இந்தத் துறையின் கணக்குகள் நடக்கின்றன.

தூணுக்குள் நாம் போடும் ரிங் கம்பிகளும் இதே வேலைக்குத்தான். ஐ.எஸ். 456 கணக்கில் ஒன்பது அங்குலத் தூணில் 12 மி.மீ. மெயின் கம்பி போட்டால் ரிங்குக்கும் ரிங்குக்கும் இடையே 192 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதாவது ஏழரை அங்குலம். ஒப்பந்தக்காரர் கம்பியை மிச்சம் பிடிக்க நினைத்தால் முதலில் கை வைப்பது இந்த ரிங்கில்தான். அப்புறம் துரு தின்பதும் ரிங்கைத்தான் முதலில். அது மெல்லியது, வெளிப்பக்கம் நிற்பது. ரிங் போன தூணில் மெயின் கம்பி வெளியே வளைந்து தள்ளும். கார்பன் துணி செய்வது இதுதான்: போன ரிங்குகளுக்குப் பதிலாக, இடைவெளியே இல்லாத ஒரு ரிங்கை வெளியிலிருந்து போடுகிறது.

அந்தத் துணி பார்க்க அவ்வளவு பெரிதாகத் தெரியாது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கார்பன் துணியில் நாரின் கனம் கணக்குக்கு 0.17 மி.மீ.கூட இல்லை. ஆனால் அந்த நாரின் இழுவிசைத் திறன் நாம் வாங்கும் எஃப்.இ. 500 கம்பியைப் போல ஏழு, எட்டு மடங்கு. 300 மி.மீ. விட்டமுள்ள வட்டத் தூண், உள்ளே எம் 15 தரத்துக்கு இறங்கிப்போன கான்கிரீட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்று சுற்றினால், பாதுகாப்பான கணக்கில்கூட 15 என்பது 21-ஐத் தாண்டும். அதைவிட முக்கியமானது, தூண் திடீரென்று வெடித்து விழாமல், எச்சரிக்கை கொடுத்து மெதுவாகத் தளரும். உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓடி வர நேரம் கிடைக்கும்.

ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்தும் ஆசியாவில் ஜப்பானும் இந்த வழியைத் தொடங்கி வைத்தன. சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் அருகே இபாக் பாலத்துக்கு 1991-ல் கார்பன் பட்டைகளை ஒட்டினார்கள். வேகம் கொடுத்தவை மூன்று பூகம்பங்கள். 1989-ல் கலிபோர்னியாவின் லோமா பிரியேட்டா, 1994 ஜனவரி 17-ல் நார்த்ரிட்ஜ், சரியாக ஒரு வருஷம் கழித்து 1995 ஜனவரி 17-ல் ஜப்பானின் கோபே. பாலத் தூண்கள் சரியான ரிங் இல்லாமல் உதிர்ந்ததை உலகமே பார்த்தது. அதன் பிறகு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தூண்களுக்கு இரும்பு உறையும் ஃபைபர் போர்வையும் போர்த்தும் வேலை பெரிய அளவில் நடந்தது. வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24 ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்த பிறகு, ஆடைத் தொழிற்சாலைகளை வரிசையாகச் சோதித்துத் தூண்களைப் பலப்படுத்த வேண்டிவந்தது. நமக்கு 2014 ஜூன் 28 மௌலிவாக்கம் இருக்கிறது, 61 உயிர். அங்கே கட்டிக்கொண்டிருந்த கட்டடமே விழுந்தது, எந்தத் துணியும் காப்பாற்றியிருக்காது. ஆனால் ஒரு தூண் போனால் என்ன ஆகும் என்று தமிழ்நாடு தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

ஆராய்ச்சிக்கு நாம் வெளிநாடு போகத் தேவையில்லை. சென்னை தரமணியில் சி.எஸ்.ஐ.ஆரின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இருக்கிறது. கொள்ளிடத்தைத் தாண்டினால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அங்கே கிளாஸ் ஃபைபர் போர்த்திய தூண்களை நசுக்கிப் பார்த்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். துருவுக்கென்றே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் நடக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்தது அது. மூன்றும் கீழ்வேளூரிலிருந்து ஒரு பகல் பயணத்துக்குள் இருக்கின்றன. ஏற்கெனவே இருக்கும் கான்கிரீட் கட்டடங்களை நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று சோதித்துப் பலப்படுத்துவதற்கு ஐ.எஸ். 15988 என்று ஒரு தர நிர்ணயம் 2013-லேயே வந்துவிட்டது.

மூலையில்தான் சூட்சுமம்

விதைக்கோட்டைக்கு வருவோம். வட்டத்தைச் சுற்றிய துணி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உள்ளே அழுத்தும். சதுரத்தைச் சுற்றினால் நான்கு மூலையில்தான் அழுத்தும். நடுப்பக்கம் தட்டையாக இருப்பதால் துணி வெளியே உப்பிக் கொடுக்கும். நம் ஊர்த் தூண்களில் பெரும்பாலானவை சதுரம், இல்லையென்றால் நீள்சதுரம். ஒன்பது அங்குலச் சதுரத் தூணை மூலை மழுக்காமல் அப்படியே சுற்றினால், தூணின் குறுக்குப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குதான் துணியின் பிடிக்குள் வருகிறது. அதே மூலைகளை 25 மி.மீ. ஆரத்துக்கு உருட்டி மழுக்கிவிட்டுச் சுற்றினால் அது அறுபது சதவீதத்தை நெருங்குகிறது. கிரைண்டர் பிடித்து ஒரு மணி நேரம் செய்கிற வேலைக்கு இவ்வளவு லாபம். தவிர, கூர் மூலையில் கார்பன் நார் வெட்டுப்பட்டுவிடும். அது இழுத்தால் தாங்கும், மடித்தால் தாங்காது.

ஆனால் இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. மூலையை 25 மி.மீ. மழுக்க வேண்டுமென்றால் கம்பிக்கு வெளியே அவ்வளவு கான்கிரீட் இருக்க வேண்டும். கவர் பிளாக் வைக்காத தூணில் கிரைண்டர் நேரே கம்பியில் போய் நிற்கும். அப்படியானால் முதலில் வெளியே புதுக் கலவையால் மூலையை வளர்த்து உருட்டிவிட்டு, பிறகுதான் துணி. இந்த ஒரு விவரத்தைக் கேளுங்கள், வேலைக்கு வந்திருப்பவருக்கு வேலை தெரியுமா என்று தெரிந்துவிடும். மூலைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டதும் சரியான பதில் வரவில்லையென்றால் அவரை அனுப்பிவிடலாம்.

நீளம் அகலத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் போகும் பட்டைத் தூண்களுக்கு, அதாவது ஒன்பதுக்கு இருபது, ஒன்பதுக்கு இருபத்திநான்கு அங்குலத் தூண்களுக்கு, பாரம் கூட்டும் விஷயத்தில் இந்தப் போர்வையை நம்பக் கூடாது. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

துருவை மூடி வைத்தால்?

இனிதான் டெல்டாவின் கேள்வி. கலிபோர்னியாவிலும் கோபேயிலும் பிரச்சினை பூகம்பம். நம் பகுதி நிலநடுக்க அபாயம் குறைந்தது. நம் தூணுக்கு வந்திருப்பது உப்பு நோய். இதற்கு நெருக்கமான உதாரணம் நம்மவர்கள் பெருந்திரளாக வாழும் டொரண்டோவில் இருக்கிறது. அங்கே பனிக்காலத்தில் சாலையில் உறைபனி உருக உப்பு கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் மேம்பாலத் தூண்களில் வழிந்து, நாகைக் கடற்காற்று செய்யும் அதே வேலையைச் செய்தது. 1990-களின் நடுவில் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஷமீம் ஷேக் குழுவினர் அப்படிப் பழுதான பாலத் தூண்களைச் சீர்செய்து, கிளாஸ் ஃபைபர் துணி போர்த்தி, பல வருஷம் அளவெடுத்துக் கண்காணித்தார்கள். பலன் நல்லதுதான்: இழந்த பலம் திரும்புகிறது, வெளியிலிருந்து ஈரமும் காற்றும் போவது குறைவதால் துரு மெதுவாகிறது.

மெதுவாகிறது என்பதைக் கவனியுங்கள். நின்றுவிடுவதில்லை. ஏற்கெனவே உள்ளே புகுந்த குளோரைடு உள்ளேயேதான் இருக்கும். அடியிலிருந்து ஓதம் ஏறும் தூணில் ஈரத்துக்கும் பஞ்சமில்லை. துருவைச் சுரண்டாமல் மேலே கறுப்புத் துணியை ஒட்டிவிட்டால், முன்பு விரிசலும் கறையுமாக வெளியே தெரிந்த நோய் இனி யார் கண்ணுக்கும் தெரியாது. சிமென்ட் பூசி வெள்ளையடித்ததற்கும் இதற்கும் விலையில் மட்டும்தான் வித்தியாசம். இந்தத் தொழில்நுட்பத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்; ஆனால் கீழ்வேளூர், வேளாங்கண்ணி, நாகூர் பக்கம் துரு எடுக்காமல் துணி சுற்றும் ஒவ்வொரு வேலையும் மோசடி என்றே சொல்வேன்.

முறையான வேலை எப்படி நடக்கும்? முதலில் மேலே உள்ள பாரத்தை ஜாக்கியும் முட்டும் கொடுத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும். துணி தானாக எதையும் தாங்காது. தூண் அதற்குப் பிறகு உப்பினால்தான் அதற்கு வேலை. பாரத்தை இறக்காமல் சுற்றினால், இருக்கும் பாரத்துக்கு அந்தத் துணி வெறும் சட்டைதான். பிறகு 'டொப்' என்று கேட்கும் கான்கிரீட்டையெல்லாம் கம்பிக்குப் பின்னால் விரல் போகும் அளவுக்குக் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியை வெள்ளி போல் மின்னும் வரை பிரஷ் போட்டோ மணல் வீசியோ சுத்தம் செய்ய வேண்டும். மெலிந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி. அதன் மேல் துருத் தடுப்புப் பூச்சு. கொத்தின இடத்தை மைக்ரோ கான்கிரீட்டாலோ பாலிமர் கலந்த கலவையாலோ நிரப்பி, நன்றாகக் காயவிட வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் துணி எடுப்பது. எப்பாக்ஸி பிரைமர், குழிகளுக்குப் பட்டி, பிறகு ரெசினும் ஹார்டனரும் டப்பாவில் எழுதியிருக்கும் அளவில் எடை போட்டுக் கலந்த பிசின். கண் மதிப்பில் கலந்தால் இறுகாது. நம் வெயிலில் கலந்த பிசின் அரை மணி நேரத்துக்குள் கெட்டியாகத் தொடங்கிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். நார் தூணைச் சுற்றி வட்டமாக ஓடும்படி துணியைப் பிடித்து, ரோலரால் உருட்டி உருட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒரு சுற்று முடியும் இடத்தில் 150 முதல் 200 மி.மீ. வரை ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும். அடுத்த சுற்று. கடைசியில் ஈரப் பிசின் மேல் மணல் தூவினால்தான் பின்னால் பூச்சு பிடிக்கும். ஒரு வாரம் கழித்து ஒரு ரூபாய் நாணயத்தால் தூண் முழுக்கத் தட்டிப் பார்த்து, உள்ளே காற்று நின்ற இடத்தை எல்லாம் ஊசி போட்டுப் பிசின் ஏற்ற வேண்டும்.

இரும்புக் கம்பியும் கார்பன் நாரும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். எனவே கம்பி வெளியே தெரியும் தூணில் அடியில் ஒரு சுற்று கிளாஸ் ஃபைபர் போட்டு இரண்டையும் பிரித்துவிடுவது நல்லது. நம் பக்கத்து வீடுகளுக்குக் கிளாஸ் ஃபைபர் மட்டுமே போதும் என்ற நிலையும் உண்டு. விலை குறைவு, சுற்று கூட வேண்டியிருக்கும். அதைக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியவர் பொறியாளர், கடைக்காரர் இல்லை. ஹார்டுவேர் கடையில் மொட்டை மாடி ஒழுகலுக்கு விற்கும் வலை போன்ற கிளாஸ் ஃபைபர் வேறு, இது வேறு.

ஈரச் சுவரில் எப்பாக்ஸி பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவது. தை அறுவடை முடிந்து மாசி பிறந்ததும் ஆரம்பித்தால் ஆடிக்குள் நிதானமாக முடிக்கலாம். சம்பா களம் ஓய்ந்து கையில் கொஞ்சம் காசும் புழங்குகிற காலம் அது.

எது முடியாது

எப்பாக்ஸி பிசின் சாதாரணமாக 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் இளக ஆரம்பிக்கும். தீப்பிடித்தால் முதலில் போவது அந்தப் போர்வைதான். ஆகவே உலகம் முழுக்கப் பின்பற்றும் அமெரிக்க கான்கிரீட் கழகத்தின் வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது: துணி இல்லாவிட்டாலும் அன்றாடப் பாரத்தையாவது தூண் தானே தாங்க வேண்டும். நாளைக்கே விழப்போகும் தூணுக்கு இது மருந்து இல்லை. சித்திரை வெயில் நேரே அடிக்கும் இடத்தில் கறுப்பாக விட்டுவிடவும் கூடாது. மேலே வெளிர் நிறப் பூச்சு கட்டாயம்.

அஸ்திவாரம் இறங்கியிருந்தால் துணியால் பயன் இல்லை. வெயிலில் பிளந்து மழையில் ஊதும் களிமண் நிலம் இது. சுவரில் படிக்கட்டு போலச் சாய்வாக விரிசல் ஓடினால் நோய் மண்ணில் இருக்கிறது. கூரைத் தளத்தில் கம்பி தெரிந்து காரை கொட்டினால் அதற்கும் தூணைச் சுற்றிப் பயன் இல்லை. நம் தொகுப்பு வீடுகளிலும் சுனாமிக் குடியிருப்புகளிலும் பெரும்பாலும் போனது கூரைதான். அங்கே கார்பன் துணி விற்க வருகிறவரை நம்பாதீர்கள்.

அப்படியானால் எதற்கு இது? கூரையும் அஸ்திவாரமும் நன்றாக இருந்து, தூண் மட்டும் நலிந்த கட்டடங்களுக்கு. பள்ளி வராந்தா, கல்யாண மண்டபம், ரைஸ் மில், புயல் பாதுகாப்பு மையம், மேலே இன்னொரு மாடி எடுக்க ஆசைப்படும் வீடு. வழக்கமான மாற்று, தூணைச் சுற்றிக் கம்பி கட்டி நான்கு பக்கமும் 100 மி.மீ. கான்கிரீட் போடுவது. ஒன்பது அங்குலத் தூண் பதினேழு அங்குலம் ஆகிவிடும். பத்தடி உயரத்துக்கு ஒரு தூணுக்கு ஏறக்குறைய ஒரு டன் எடை கூடும். அந்த டன்னையும் இந்தக் களிமண்தான் சுமக்க வேண்டும். இரண்டு சுற்று கார்பன் துணி பிசினோடு சேர்த்து நான்கைந்து கிலோ. வகுப்பறையில் இடமும் குறையாது. துணிக்குச் செலவு கூடுதல்தான். ஆனால் கட்டடத்தை மூடி வைக்கும் நாட்கள் குறைவு. கான்கிரீட் உறை மலிவாகவும் போதுமானதாகவும் இருக்கும் இடத்தில் அதையே செய்யலாம். மெலிந்த கம்பிக்குப் பதில் நிறையப் புதுக் கம்பி வேண்டிய தூணுக்கு அதுதான் சரி. தூணைப் பார்க்காமல் முடிவெடுப்பதுதான் தவறு.

பார்ப்பது என்றால் கண்ணால் மட்டும் பார்ப்பது இல்லை. ரீபவுண்ட் ஹாமர் கான்கிரீட்டின் மேற்பரப்புக் கடினத்தைச் சொல்லும். பினாப்தலீன் தெளித்தால் காரம் உயிரோடு இருக்கும் இடம் ரோஜா நிறமாகும், போன இடம் நிறம் மாறாது. ஹாஃப் செல் சோதனை கம்பி துருப்பிடிக்கும் வாய்ப்பைச் சொல்லும். மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் துரு பிடிக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. குளோரைடு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்கத் தூளெடுத்துச் சோதிக்கலாம். இதெல்லாம் எந்தப் பொறியியல் கல்லூரி ஆய்வகத்துக்கும் எட்டாத விஷயம் இல்லை.

கீழ்வேளூர் கேடிலியப்பர் கோயில் மாடக்கோயில். கோச்செங்கட் சோழன் எடுப்பித்ததாகச் சொல்வார்கள். ஊர் வெள்ளக்காடாகும் பூமியில் கருவறையை மேட்டில் தூக்கி வைத்துக் கட்டிய ஊர் இது. கட்டும்போதே மண்ணையும் தண்ணீரையும் நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். இன்று புதிதாக வீடு கட்டுபவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: மனைத் தண்ணீரைச் சோதித்துவிட்டுக் கலவை போடுங்கள், கவர் பிளாக் வைக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள், ரிங் இடைவெளியை டேப் போட்டு அளந்து பாருங்கள். அப்படிக் கட்டினால் இருபது வருஷம் கழித்துக் கார்பன் துணி தேடி அலைய வேண்டாம்.

பொதுக் கட்டடங்களுக்குப் பொறுப்பு அரசுக்கு. நாகை மாவட்டத்தில் 2000-க்கு முன் கட்டிய ஒவ்வொரு அரசுப் பள்ளி, சமுதாயக் கூடம், புயல் பாதுகாப்பு மையத்தின் தூண்களையும் பொதுப்பணித் துறை சோதித்து, முடிவை அந்தந்தக் கட்டடத்தின் சுவரிலேயே எழுதி ஒட்ட வேண்டும். இடிக்க வேண்டியது எது, சீர்செய்து போர்த்தக் கூடியது எது, ஒன்றும் செய்ய வேண்டாதது எது என்று பெற்றோருக்குத் தெரிய வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். மழைக்கு முன் அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது, உங்கள் ஊர்ப் பள்ளித் தூணின் மூலையைச் சுத்தியலால் தட்டிக் காட்டச் சொல்லுங்கள்.